மறதி நோயைத் தேயிலை தடுக்குமா? – வாசகர் கேள்விகளும் மருத்துவப் பதில்களும்

"கிரீன் டீ மூளை நரம்புகளைக் காக்கும், மறதி நோயே வராது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதைப் படித்துவிட்டு மதுரை வட்டாரத்திலிருந்து எழுதிக் கேட்டவர்கள் அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

எங்கள் அப்பத்தா கடைசி ஆறேழு வருடம் யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்துதான் போனார். இப்போது அப்பாவுக்கு 62 வயது. தேயிலையில் நரம்பு செல்லைக் காப்பாற்றும் சத்து இருக்கிறது என்பது உண்மையா?
– வாசகி, அனுப்பானடி

சோதனைக் குழாயில் உண்மை. எலியிடம் ஓரளவு உண்மை. மனிதரிடம் இன்னும் நிரூபணமாகவில்லை. மூன்றையும் ஒன்றாகக் கலந்து எழுதியதுதான் அந்த வாட்ஸ்அப் செய்தி.

மூளையை ஒட்டிப் பேசப்படும் பொருட்கள் தேயிலையில் மூன்று. ஒன்று, கேட்டச்சின் வகைப் பாலிஃபீனால்கள் (தாவரங்களில் இருக்கும் ஒரு வகை வேதிப்பொருட்கள்). இவற்றில் அதிகம் இருப்பது எபிகேலோகேட்டச்சின் கேலேட், சுருக்கமாக ஈஜிசிஜி. இரண்டாவது தியானின் என்ற அமினோ அமிலம். 1949இல் ஜப்பானில் தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மூன்றாவது எல்லோருக்கும் தெரிந்த காஃபீன்.

மறதி நோயில் அதிகம் பேருக்கு வரும் வகை அல்சைமர். அதில் நரம்பு செல்லுக்கு வெளியே அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துணுக்கு திரண்டு படிகிறது. செல்லுக்கு உள்ளே டௌ என்ற புரதம் முறுக்கிக்கொண்டு இழையாகிறது. அமிலாய்டு நச்சுத் திரளாக மாறும் முன்பே ஈஜிசிஜி அதைப் பற்றிக்கொண்டு, கேடில்லாத உருண்டைகளாகத் திருப்பிவிடுகிறது என்று 2008இல் பெர்லினில் ஒரு குழு காட்டியது. 2022இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு படி போனார்கள். இறந்துபோன அல்சைமர் நோயாளிகளின் மூளையிலிருந்து எடுத்த டௌ இழைகளையே ஈஜிசிஜி பிரித்துப்போட்டது. செய்தியில் வருவது இதுவரைதான். அதே ஆய்வாளர்கள் அடுத்துச் செய்ததை யாரும் எழுதுவதில்லை. ஈஜிசிஜி மூளைக்குள் சரியாகப் போய்ச் சேருவதில்லை என்பதால் அதை அப்படியே மருந்தாக்காமல், டௌ இழையில் அது ஒட்டும் இடத்திலேயே ஒட்டக்கூடிய வேறு மூலக்கூறுகளைக் கணினியில் தேடினார்கள்.

சிக்கலே அங்கேதான். நாம் குடிக்கும் ஈஜிசிஜியில் மாறாமல் ரத்தத்துக்குப் போவது நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. சிறுகுடலில் அமிலம் குறைந்ததும் ஒரு பகுதி சிதைகிறது. கல்லீரல் ஒரு பகுதியை உருமாற்றிவிடுகிறது. மிச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்து வலரோலாக்டோன் என்ற சின்ன மூலக்கூறுகளாக்குகின்றன. (நரம்புக்கு ஏதாவது நன்மை நடந்தால் இந்தச் சின்னத் துண்டுகள் வழியாகத்தான் இருக்கும் என்று இப்போது சில ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள்.) ஆய்வகத் தட்டில் நரம்பு செல்கள் மேல் ஊற்றும் ஈஜிசிஜியின் செறிவு பெரும்பாலும் 10 மைக்ரோமோலார், அல்லது அதற்கும் மேல். ஒன்றிரண்டு கப் கிரீன் டீ குடித்தவரின் ரத்தத்தில் அது 1 மைக்ரோமோலாரைக்கூடத் தொடாது. மூளைக்குள் அதிலும் கொஞ்சம்.

அப்பத்தாவுக்கு இருந்தது என்பதாலேயே அப்பாவுக்கு வந்தே தீரும் என்றில்லை. முதுமையில் வரும் அல்சைமரில் குடும்ப வரலாறு ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவே. அவருக்குக் கிரீன் டீ பிடித்திருந்தால் குடிக்கட்டும். அதோடு ரத்த அழுத்தத்தையும் பாருங்கள்.

அப்படியென்றால் டீ குடிப்பவர்களுக்கு மறதி நோய் குறைவு என்று ஜப்பானிலும் இங்கிலாந்திலும் கண்டுபிடித்தது பொய்யா?
– வாசகர், வாடிப்பட்டி

பொய் இல்லை. ஆனால் அவை எந்த வகை ஆய்வு என்று பார்க்க வேண்டும்.

ஜப்பானில் 70 வயது தாண்டிய ஆயிரம் பேரைப் பார்த்த ஆய்வு 2006இல் வந்தது. தினம் இரண்டு கப்புக்கு மேல் கிரீன் டீ குடித்தவர்களிடம் நினைவுத் தடுமாற்றம் குறைவாக இருந்தது. இங்கிலாந்தில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2021இல் வந்தது. 2–3 கப் காபியும் 2–3 கப் டீயும் குடிப்பவர்களுக்கு, இரண்டுமே குடிக்காதவர்களைவிட டிமென்ஷியா (மறதி நோய்) ஆபத்து 28% குறைவு. அந்த ஊரில் டீ என்றால் பெரும்பாலும் பால் கலந்த கறுப்புத் தேயிலை, கிரீன் டீ அல்ல. சிங்கப்பூரில் 957 சீன முதியோரைப் பார்த்த 2016 ஆய்விலும் எந்த டீ என்பது பெரிய விஷயமாக இல்லை. பலன் தெளிவாகத் தெரிந்தது பெண்களிடமும், அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏப்போஈ4 என்ற மரபணு வகை உள்ளவர்களிடமும்தான்.

இவை எல்லாமே, ஏற்கெனவே குடிப்பவரையும் குடிக்காதவரையும் ஒப்பிட்டுப் பார்த்தவை. தினமும் நடந்து போய், நாலு பேரோடு உட்கார்ந்து பேசி டீ குடிக்கும் 75 வயதுக்காரருக்கு நினைவு நன்றாக இருந்தால், அது டீயால் வந்ததா, நடையால் வந்ததா, பேச்சால் வந்ததா? உடம்பு முடியாமல் போய் டீயை விட்டவர்கள் 'குடிக்காதவர்' கணக்கில் விழுவதும் உண்டு.

சீட்டுப் போட்டுப் பிரித்து, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். பார்க்கின்சன் நோயைப் போல மூளை நரம்பு செல்கள் சிதையும் மல்டிபிள் சிஸ்டம் அட்ரஃபி என்ற நோயில் ஜெர்மனியில் அப்படி ஒரு சோதனை நடந்தது. 92 நோயாளிகள், 48 வாரம், நாளுக்கு 1,200 மி.கி. வரை ஈஜிசிஜி. 2019இல் முடிவு வந்தது: நோயின் வேகம் குறையவில்லை. சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு மட்டும் வந்தது.

பெங்களூரில் இருக்கும் மகன் கிரீன் டீ கேப்ஸ்யூல் வாங்கி அனுப்பியிருக்கிறான். "தினம் மூன்று போடுங்கம்மா, மூளைக்கு நல்லது" என்கிறான். வயது 67. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் மாத்திரை எடுக்கிறேன். போடலாமா?
– வாசகி, கே.கே.நகர்

போட வேண்டாம் அம்மா. மகனிடமும் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். '500 மி.கி. எக்ஸ்ட்ராக்ட்' என்று பெரிதாகப் போட்டு, ஈஜிசிஜி எத்தனை சதவீதம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். 50% என்றால் ஒரு கேப்ஸ்யூலில் 250 மி.கி. மூன்று போட்டால் 750. ஒரு கப் கிரீன் டீயில் சுமாராக 50 முதல் 100 மி.கி. இருக்கும். அதாவது பத்துக் கப் டீயை மூன்று விழுங்கலில் கல்லீரலுக்குள் அனுப்புகிறீர்கள். எக்ஸ்ட்ராக்டாக நாளுக்கு 800 மி.கி. ஈஜிசிஜியும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் ஏறும் அளவு, சாப்பாட்டோடு எடுப்பதைவிட மூன்று மடங்குக்கும் மேல். எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்தப் பாதிப்பு அதிகம் வருகிறது. அது நமக்கு இருக்கிறதா என்று யாரும் பார்த்து வைத்திருப்பதில்லை.

ஏற்கெனவே சில நாள் போட்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போவது, கண் மஞ்சளாவது, சாப்பாடு பிடிக்காமல் போவது, உடம்பு அரிப்பு, வலது விலாவுக்குக் கீழே வலி இவற்றில் எது வந்தாலும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் "இயற்கைப் பொருள்தானே" என்று இதை டாக்டரிடம் சொல்வதே இல்லை. கொழுப்பு மாத்திரை மேல் பழியைப் போட்டு அதை நிறுத்திவிடும் குழப்பம் இதனால்தான் நடக்கிறது.

நான் போடும் கிரீன் டீ கசக்கிறது. ஆறியதும் மேலே எண்ணெய் போல ஒரு ஆடை கட்டுகிறது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். தூளில் கோளாறா, தண்ணீரிலா?
– வாசகர், அலங்காநல்லூர்

ஆடைக்குக் காரணம் தண்ணீர். கசப்புக்குக் காரணம் நீங்கள்.

போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலைப் பாலிஃபீனாலோடும் காற்றோடும் சேர்ந்து அந்த ஆடையாகிறது. அது நஞ்சில்லை. ஆனால் உப்புத் தண்ணீரில் கேட்டச்சின் இறங்குவதே குறைவு, நிறமும் மங்கும். ஆற்றுக் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ டீக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அது இல்லையென்றால் போர் தண்ணீரை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அடியில் வெள்ளையாகத் தங்குவதை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

கசப்பு வருவது கொதிக்கிற தண்ணீரில் இலையைப் போடுவதால், அல்லது சட்டியிலேயே போட்டுக் காய்ச்சுவதால். நாம் தூள் டீ போடும் பழக்கத்தில் அப்படித்தான் கை போகும். கிரீன் டீக்கு 80 டிகிரி போதும். தெர்மாமீட்டர் வேண்டாம். மூன்று பங்கு கொதித்த தண்ணீரோடு ஒரு பங்கு பானைத் தண்ணீர் அல்லது சாதாரணத் தண்ணீர் சேர்த்தால் ஏறத்தாழ அந்தச் சூடு வந்துவிடும். 150 முதல் 200 மி.லி.க்கு 2 கிராம் இலை, அதாவது ஒரு தட்டை டீஸ்பூன். மூடி வைத்து, கடிகாரம் பார்த்து இரண்டரை நிமிடம். வடிகட்டி இலையைத் தனியே எடுத்துவிடுங்கள். டம்ளருக்குள் இலையோ பையோ கிடக்கவே கூடாது.

வடித்த பிறகு கால் மூடி எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சிறுகுடலில் கேட்டச்சின் சிதையாமல் இருக்க அந்த அமிலமும் வைட்டமின் சியும் உதவுவது ஆய்வகச் செரிமானச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆடையும் கட்டாது. போட்டு பிளாஸ்கில் வைத்து நாள் முழுக்கக் குடிப்பது வேண்டாம். சூட்டில் நிற்க நிற்கக் கேட்டச்சின் போய், துவர்ப்புதான் மிஞ்சும்.

பை டீ வாங்கினால் காகிதப் பையாகப் பாருங்கள். பட்டுப்போல மினுக்கும் நைலான் பைகள் கொதிநீரில் கோடிக்கணக்கில் பிளாஸ்டிக் துகள் விடுவதை 2019இல் கனடாவில் அளந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் கவரில் சூடான டீயைக் கட்டி வாங்குவதையும் அதோடு சேர்த்து விட்டுவிடலாம். தமிழ்நாட்டில் அந்தக் கவருக்கு 2019 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது. தூக்குவாளி கொண்டுபோனால் ஊற்றித் தர மாட்டேன் என்று எந்த டீக்கடையிலும் சொல்வதில்லை.

தினம் கடையில் நாலு டீ. பால் டீதான். பால் சேர்த்தால் தேயிலைச் சத்து எல்லாம் போய்விடும் என்கிறார்களே?
– வாசகர், செல்லூர்

கடையில் போடுவது பெரும்பாலும் சிடிசி டஸ்ட். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டி, காற்றில் புளிக்கவிட்டுக் காயவைத்தது. புளிக்கும்போது கேட்டச்சின்களில் பெரும்பகுதி தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்று மாறிவிடுகின்றன. சிவப்பு நிறமும் 'ஸ்ட்ராங்'கும் அவற்றால்தான். ஈஜிசிஜி கிரீன் டீயில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சும். ஆனால் தியாஃபிளேவினும் சோதனைக் குழாயில் அமிலாய்டு நச்சுத் திரளைத் தடுக்கிறது. கறுப்புத் தேயிலை வெறும் சக்கை என்று நினைக்க வேண்டாம்.

பால் விஷயத்தில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் என்பது சரி. 2007இல் பெர்லினில் 16 பெண்களிடம் பார்த்தபோது, வெறும் டீ ரத்தக்குழாயைத் தளர்த்தியது, பால் சேர்த்ததும் அந்தப் பலன் இல்லை. 1998இல் நெதர்லாந்தில் பார்த்தபோது, பால் சேர்த்தாலும் கேட்டச்சின் ரத்தத்தில் ஏறுவது குறையவில்லை. எங்கள் கருத்து: மூளைக்காக என்று பாலை நிறுத்த வேண்டியதில்லை.

நிறுத்த வேண்டியது சீனி. ஒரு கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 5 கிராம், நாலு டீக்கு 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சீனிக்குச் சொல்லும் நல்ல அளவு நாளுக்கு 25 கிராம். அதை டீயிலேயே தாண்டிவிட்டீர்கள், கூட வரும் பஜ்ஜியை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் மூளையின் நுண்குழாய்களைக் கெடுத்து மறதி நோய்க்கு வழிவிடுவது, தேயிலை நரம்பைக் காப்பதைவிட நூறு மடங்கு உறுதியான செய்தி. "சீனி கம்மி" என்று மாஸ்டரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்குக்குத் தெரியாது. ஒரே நாளில் நிறுத்துபவர்கள் மூன்றாம் நாள் திரும்பிவிடுகிறார்கள்.

நன்றாக ஆற்றி வாங்குங்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. கடைசி டீ மதியம் மூன்று மணியோடு முடியட்டும். குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போக சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தூக்கம் கெட்டால் நினைவுக்குத்தான் நஷ்டம்.

எந்த மாத்திரைக்கு டீ ஆகாது?
– வாசகர், திருமங்கலம்

இரும்புச்சத்து மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ கூடாது. சாப்பாட்டுக்கும் அப்படித்தான், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைத் தேயிலை பிடித்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே டீ. நாடலோல் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் கிரீன் டீயைத் தொடவே கூடாது. 2014இல் ஜப்பானில் பார்த்தபோது மருந்து ரத்தத்தில் சேர்வது 85% குறைந்தது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று லிட்டர் கணக்கில் கிரீன் டீ ஆரம்பிக்காதீர்கள், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு குலையும். மைலோமா புற்றுநோய்க்குப் போர்ட்டெசோமிப் ஊசி போடுபவருக்கு ஈஜிசிஜி மருந்தையே செயலிழக்கச் செய்யும் என்பதால் எக்ஸ்ட்ராக்ட் எதுவும் வேண்டாம்.

அத்தைக்கு 78 வயது, இரண்டு வருடமாக மறதி நோய். டீ குடித்த பத்தாவது நிமிடம் "எனக்கு இன்னும் டீயே தரலை" என்கிறார். கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டால் சண்டை. என்ன செய்வது?
– வாசகி, மேலூர்

"இப்பத்தானே குடிச்சீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருடைய மூளையில் அந்த டீ பதிவாகவே இல்லை. நீங்கள் பொய் சொல்வதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

ஒரு நாளைக்கு உரிய டீயை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். 150 மி.லி. டம்ளர் இரண்டு என்றால், அதையே 75 மி.லி.யாக நாலு முறை. டிகாஷனை லைட்டாக வைத்துக்கொள்ளுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கேட்டால் சுக்குமல்லித் தண்ணீரோ வெதுவெதுப்பான பாலோ அதே டம்ளரில் கொடுங்கள். பொழுது சாயும் நேரத்தில் படபடப்பும் அலைச்சலும் கூடுவது இந்த நோயில் வழக்கம். அந்த நேரத்தில் காஃபீன் சேர்ந்தால் ராத்திரி வீட்டில் யாரும் தூங்க முடியாது. அதற்காகத் திரவத்தைக் குறைத்துவிடாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் உடம்பில் நீர் வற்றினாலே குழப்பம் இரட்டிப்பாகும்.

எவர்சில்வர் டம்ளரை மாற்றுங்கள். சூடு கையில் ஏறும், சுட்டால் விடத் தெரியாது. பிடி வைத்த, கனமான, சிவப்பு நிறக் கப்பாக இருக்கட்டும். பாஸ்டனில் 2004இல் முற்றிய அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில், பளிச்சென்ற நிறக் கப்பும் தட்டும் வைத்ததும் அவர்கள் குடிப்பதும் சாப்பிடுவதும் கூடியது. வெள்ளைக் கப்பில் பால் டீ கண்ணுக்குத் தனியாகத் தெரிவதில்லை.

குடிக்கும்போது இருமுகிறாரா, குடித்த பிறகு குரல் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் டீ மூச்சுக்குழாய்க்குப் போகலாம், நிமோனியா வரலாம். நேராக உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கச் சொல்லி, ஒவ்வொரு வாயாகக் கொடுங்கள். படுத்தபடி வேண்டாம். ஸ்ட்ராவும் வேண்டாம். விழுங்கும் பயிற்சி தெரிந்த பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒரு முறை காட்டுங்கள். தானே டீ போட எழுந்து போகிறவராக இருந்தால், வேலை முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள், அடுப்புத் திருகைச் சாத்துவது மட்டும் போதாது.

ஆவாரம்பூ டீ, செம்பருத்தி டீ, சங்குப்பூ டீ இவற்றுக்கும் இந்தப் பலன் உண்டா?
– வாசகர், உசிலம்பட்டி

இவை தேயிலைச் செடியில் வருபவை அல்ல, ஆகவே தியானினோ காஃபீனோ இல்லை, மேலே சொன்ன ஆய்வுகள் இவற்றுக்குப் பொருந்தாது. செம்பருத்தி வகையில் புளிச்சைக்கு இனமான செடியின் சிவப்புப் புல்லிதழ் டீ ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். மாத்திரை எடுப்பவர் அளவு பார்த்துக்கொள்ளவும்.

பெயர் மறக்கிறது, சாமான் வைத்த இடம் மறக்கிறது. வயது 59. பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை. கிரீன் டீ தொடங்கலாமா, டாக்டரைப் பார்க்கலாமா?
– வாசகர், புதூர்

டாக்டரைப் பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையும். பி12 குறைந்தால் நினைவு தடுமாறும், கால் மரத்துப்போகும். முதலில் பி12, தைராய்டு (டிஎஸ்எச்), ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை, ரத்தத்தில் உப்பு (சோடியம்), சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பாருங்கள். தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, சிறுநீர் அடங்காமைக்குத் தரும் மாத்திரை எடுக்கிறீர்களா என்று சொல்லுங்கள், இவற்றில் சில நினைவை மந்தமாக்கும். மனச்சோர்வும் மறதி போலவே வரும். இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை.

காதைச் சோதிப்பதை நம் ஊரில் யாரும் நினைப்பதே இல்லை. 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45% தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. அதில் காது கேளாமைக்கும் கெட்ட கொழுப்புக்கும் பெரிய பங்கு. பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவில் காட்டும்போது, கூட வாழும் ஒருவரை அழைத்துப் போங்கள். மறதி எப்போது தொடங்கியது, பணக் கணக்கு தவறுகிறதா, தெரிந்த வழி தப்புகிறதா என்பதெல்லாம் உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். முதியோர் உதவி எண் 14567.

டீத்தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி?
– வாசகர், சிம்மக்கல்

வடிதாள் ஒன்றில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தாள் நனையும் அளவு பச்சைத் தண்ணீர் தெளியுங்கள். சாயம் இருந்தால் உடனே தாளில் கறை பரவும். நல்ல தூள் பச்சைத் தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் நிறம் விடாது. தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாயில் அலசி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கறை போகாமல் நின்றால் அந்தத் தூளை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுத்துவிடலாம். இரும்புத் தூளுக்கு, தூளைத் தட்டில் பரப்பி மேலே காந்தத்தை ஓட்டினால் போதும்.